பாட்டு முடியும்வரை

ஜனவரி 24

சின்னவளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. எடுக்கக் கூடாது என்று நீ முடிவு செய்திருந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் அதற்கு முன்னால் ஒரு வரியிலாவது கண் விழும் இல்லையா.

அது நடந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தீக்காய வார்டின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். "இப்ப வேணாங்க. அவ உங்களப் பாக்குற நெலமைல இல்ல," என்றார். 'அவ' என்று உன்னைச் சொன்னாரா, வாலுவைச் சொன்னாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. லிப்டுக்கு எதிரே இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் பிடித்து ஊர் திரும்பினேன்.

பள்ளியில் எல்லோரும் வாலுவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டை செய்திருக்கிறார்கள். 'சீக்கிரம் குணமாகி வா' என்று பிரெஞ்சில் தாங்களே எழுதியது. நான் ஓர் எழுத்துகூடத் திருத்தவில்லை. பிறந்தநாள் பிள்ளைக்குச் சூட்டும் காகிதக் கிரீடத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். அவள் பிறந்தநாள் அடுத்த வாரம்தானே. அன்றைக்கு வகுப்பே எழுந்து நின்று பாடும், பிள்ளை வந்திருந்தாலும் வராவிட்டாலும். அது எங்கள் வழக்கம்.

நீங்களெல்லாம் 'பெரிய மதாம்' என்பீர்களே, எங்கள் தலைமையாசிரியை, அவர் நிர்வாகத்துக்கு அனுப்புவதற்காக நடந்ததை எழுதித் தரச் சொன்னார். விபத்து என்று எழுதிக் கொடுத்தேன். வேறென்ன எழுதுவது.

கை எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாளா? கழுத்துப் பக்கம் அதிகம் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார், நிஜந்தானா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா

*

ஜனவரி 31

அக்காவுக்கு,

அட்டைகளைத் திருப்பி அனுப்புகிறேன். நீ அவற்றைப் பார்த்தாயா, இல்லை எழுத்துப் பிழை மட்டும் பார்த்தாயா? எல்லாவற்றிலும் விளக்கு வரைந்திருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கிரேயானை அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை விளக்குக்குப் பக்கத்தில் வாலுவையும் வரைந்திருக்கிறது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கின்றன. பெரியவர்களுக்குத்தான் பார்த்ததைச் சொல்ல வராது போலிருக்கிறது.

கிரீடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். சூட்டவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாதவளுக்கு எங்கே சூட்டுவது.

உங்கள் பள்ளியிலிருந்தும் கடிதம் வந்தது. 'விளக்கு மாலையின்போது நேர்ந்த நிகழ்வு' என்று ஆரம்பிக்கிறது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள். உங்கள் பள்ளிக்கு மட்டும் வெந்துவிடும் போலிருக்கிறது, தேடித் தேடிப் பார்த்தேன், அந்த வார்த்தையே இல்லை. அதற்குப் பதில் இது இருக்கிறது: 'பலமுறை அறிவுறுத்தியும் குழந்தை தன் இடத்தைவிட்டு நகர்ந்து விளக்கை ஆட்டியதால்.'

இதையே நேரிலும் சொல்ல ஆபீஸிலிருந்து ஓர் அம்மா பழக்கூடையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாலுவின் காதில் விழும்படியே, "சமத்தா அசையாம நின்னுருந்தா இதெல்லாம் வந்திருக்குமா கண்ணு?" என்றார். கூடையோடு அவரைக் கூட்டிக்கொண்டுபோய் வெளியே விட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே. அன்றிலிருந்து இவள் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

அன்று பெற்றவர்கள் நாங்கள் ஹாலின் பின்பக்கம், கயிற்றுக்கு இந்தப் புறம், இருட்டில் நின்றோம். பாட்டு முடியும்வரை கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, நம் மொழியில் பிள்ளையைக் கூப்பிடவே கூடாது. செருப்பைக் கழற்றுவதுபோல நம் பேச்சையும் வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வர வேண்டும். எனக்கு முன்னால் உயரமாக ஒருவர் நின்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் திடீரென்று ஒரு வெளிச்சம். "அட, எவ்ளோ அழகு," என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் அக்கா. என் பெண் எரிவதைப் பார்த்து அழகு என்று நினைத்தேன்.

நீ அவளுக்கு நேர் எதிரே நின்று பாட்டு நடத்திக்கொண்டிருந்தாய். உனக்கும் அவளுக்கும் நடுவில் யாருமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். அவள் நகர்ந்தாளா?

உன்னோடு பிறந்தவள்

*

பிப்ரவரி 6

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளி முகவரிக்கு எழுதியிருந்தாய். ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது பிரித்துவிட்டேன். இனி வீட்டுக்கு எழுது.

ஆபீஸ் அம்மா அப்படிப் பேசியது தப்பு. நான் அவரிடம் சொன்னேன்.

ஆனால் நீ இந்தப் பள்ளியை ஏதோ பேய் வீடு போலப் பேசுகிறாய். வாலுவை இங்கே சேர்க்க என் வீட்டு வாசலில் வந்து நின்றது யார்? "நம்ம வீட்ல நீ ஒருத்திதான் அந்த பாஷை படிச்சிருக்க, உன் பேரச் சொன்னா எடம் குடுப்பாங்க," என்றாயே. முதல் நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் கைகோத்து வளைவு பிடிக்க, புதுப் பிள்ளைகள் குனிந்து நுழைந்து வந்தபோது, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதவள் நீ. வளைவு, இலை பொறுக்கும் நாள், பிறந்தநாள் கிரீடம், விளக்கு மாலை, இவைதான் வேற்று மொழியைப் பிள்ளைகளுக்குச் சொந்த மொழியாக்குகின்றன. பாடப் புத்தகம் அதைச் செய்வதில்லை. இதை நான் இன்றும் நம்புகிறேன்.

விளக்கு மாலை நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நடப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் விளக்குக் கூடு செய்து, கம்பில் மாட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுக்கும். உள்ளே நிஜ மெழுகுவர்த்தி. பாட்டில் நான்கு சரணம். நான்கும் முடியும்வரை கையை நீட்டி விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சிலைபோல நிற்க வேண்டும். அந்த அசையாமைதான் அதன் அழகே. இந்தத் தடவை பேட்டரி விளக்கு வைக்கலாமா என்று நான் கேட்டேன். "அப்ப அது விளக்கு மாலையா, பொம்மைக் கடையா?" என்றார் பெரிய மதாம். அதற்குமேல் நான் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டையில் பனி விழுந்ததுபோலத் தெரிவதற்காகக் கழுத்துப் பட்டையில் மட்டும் பஞ்சு ஒட்டச் சொல்லியிருந்தோம். மற்ற பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள். வாலுவின் சட்டையில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பஞ்சு. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிய்த்தெடுக்க நேரமில்லை.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல. அவள் ஓர் இடத்தில் நிற்கிற பிள்ளையா? வாலு என்று பேர் வைத்தது பள்ளியா, நீயா?

அக்கா

*

பிப்ரவரி 11

அக்கா,

பஞ்சை நான்தான் ஒட்டினேன். "இன்னும் போடும்மா, நெறைய பனி விழணும்," என்று அவள் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள், நானும் ஒட்டிக்கொண்டே போனேன். மேடையில் என் பெண் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பசை நாற்றம் இன்னும் என் விரலில் இருக்கிறது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. இதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் பஞ்சு தானாகப் பற்றிக்கொள்ளாது.

நான் கேட்டது ஒன்று, நீ அளந்தது ஊர்க்கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவள் உன் தசையும்தான். உனக்குக் கொஞ்சமாவது ஆடியதா?

இங்கே நடப்பதைக் கேள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். பழைய துணியைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பக்கத்து அறையில் ஒருத்தர், மீசையும் தொப்பையுமாக, லாரி ஓட்டுகிறவர், அம்மா அம்மா என்று அலறுகிறார். இவள் சத்தமே போடுவதில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சுவரில் ஓர் இடத்தைப் பார்த்தபடி அப்படியே இருக்கிறாள். கட்டு மாற்றும் நர்ஸ், "இப்படி ஒரு பொறுமைசாலிய நான் பாத்ததே இல்லம்மா," என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

ஓர் இடத்தில் நிற்கிற பிள்ளையா என்று கேட்டாயே, வந்து கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போ.

நான் கேட்டதற்குப் பதில் இல்லையென்றால் எழுதாதே. தபால் செலவாவது மிச்சம்.

*

பிப்ரவரி 25

சின்னவளுக்கு,

நகரவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைவிட, எழுதிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்ற பயம்.

ஒத்திகையில் அசைகிற பிள்ளை ஓரத்தில் போய் உட்கார வேண்டும். அது என் வகுப்பு விதி. வாலுவின் காலில் சக்கரம் கட்டியிருக்கிறதே, எடுத்த எடுப்பில் அவள்தான் ஓரத்துக்குப் போனாள். மறுபடியும் போனாள். அழுதாள். அப்புறம் ஒருநாள் தானாகவே வந்து, வீட்டில் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன் மதாம், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று பிரெஞ்சில், ஒரு தப்பில்லாமல், சொன்னாள். அன்றிலிருந்து வரிசையில் அவளைப்போல நிற்க யாருமில்லை. மற்ற ஆசிரியைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ அடக்க முடியாத பிள்ளையை நான் அடக்கிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மூன்றாம் சரணம். அவள் விளக்கின் கூடு ஒரு பக்கம் கருகத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. அவள் முகத்தைத்தான் கவனித்தேன். விளக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. பெரியம்மா என்று கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்குள் நான் அவளுக்குப் பெரியம்மா இல்லை, மதாம். பெரிய மதாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் என் வாயில் விரலை வைத்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையை இன்னும் நேராக நீட்டினாள். அதற்குப் பிறகுதான் நீ பார்த்த வெளிச்சம்.

நான் ஓடிப்போய்ச் சால்வையைப் போட்டுத் தரையில் உருட்டினேன். அப்போதும் விளக்குக் கம்பை அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன்.

இதையெல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கிறீங்க," என்றார் பெரிய மதாம். என்னை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள், திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிகிறது. அடுத்த வருஷத்திலிருந்து பேட்டரி விளக்காம். பிள்ளைகள் அசையாமல் நிற்பது மட்டும் அப்படியே தொடருமாம்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் நீ என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவரிடம் இன்னும் காட்டவில்லை. அவர் என்னைப்போல வாயோடு நிறுத்த மாட்டார்.

கடிதம் மூன்று நாள் என் பையிலேயே கிடந்தது. அப்புறம் வாலுவிடம் முதல் வரியை மட்டும் சொன்னேன். "பெரியம்மா எழுதியிருக்காங்க. நீ நகரவே இல்லையாம்."

சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, இத்தனை வாரம் கழித்து, வாய் திறந்தாள். "பாட்டு முடிஞ்சிருச்சாம்மா?"

"எப்பவோ முடிஞ்சிருச்சுடி தங்கம்," என்றேன்.

"நீ மதாம் இல்ல," என்றாள். திரும்பவும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டு மாற்றும்போது அவள் தொண்டைக்குள் ஏதோ முனகல் கேட்கும், வலியில் முனகுகிறாள் என்றே இருந்தேன். அன்று குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பாட்டுதான். ஓர் இடம்வரை வருகிறாள், நிற்கிறாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். அன்று பாட்டு பாதியில்தானே நின்றது. முடிந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

டாக்டர் தினமும் திட்டுகிறார். கையை மடக்கி நீட்ட வேண்டுமாம். புதுத் தோல் வளரும்போதே அசைக்காவிட்டால் இழுத்துக்கொண்டு இறுகிவிடுமாம், அப்புறம் முழங்கை ஆயுசுக்கும் மடங்காது, தன் கையால் ஒரு வாய் அள்ளிச் சாப்பிட முடியாது. நர்ஸ் கெஞ்சுகிறாள், நான் கெஞ்சுகிறேன், இவள் அப்பா பொம்மை வாங்கி வந்து கெஞ்சுகிறார். கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கிறாள். தூங்கும்போதுகூட இறக்குவதில்லை.

இத்தனை நாள் நான் உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ் இல்லை. ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் நீ வர வேண்டும். மீதிப் பாட்டைப் பாடி முடித்துவிட்டுப் போ. மதாமாக வா. என்னிடம் பேசாதே.

*

மார்ச் 10

சின்னவளுக்கு,

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன், தலையையும் பள்ளிக்கு வாருவதுபோலவே வாரிக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டின் அர்த்தத்தை உங்கள் யாருக்கும் நாங்கள் சொன்னதே இல்லை. பனியில் ஒருவர் விளக்கோடு நடந்துவருகிறார். முதல் மூன்று சரணமும் நடைதான், குளிர்தான், விளக்கு அணைந்துவிடுமோ என்ற கவலைதான். நான்காவதில் ஒரு வீட்டுக் கதவு திறக்கிறது. விளக்கைக் கீழே வை, கை வலிக்கும், வந்து உட்கார் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது. அதோடு பாட்டு முடியும். பிள்ளைகள் விளக்கை இறக்கி, எல்லோரும் சேர்ந்து ஊதி அணைப்பார்கள்.

நான் பாடும்போது குரல் உடைந்தால் அவள் நம்ப மாட்டாள். அதனால் வீட்டில் பாடிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு தடவைகூட முழுசாகப் பாட வரவில்லை. வியாழனுக்குள் வந்துவிடும்.

உன்னிடம் பேச மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

பேசாதே என்றால் ஒரு வார்த்தைகூடவா பேச மாட்டாய். பாடி முடித்த கையோடு கோட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாய். அப்புறம் நடந்ததை யார் சொல்லுவார்கள், நானே சொல்கிறேன்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கை வலிக்கும் என்ற இடம் எது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறங்கியது. உதட்டைக் குவித்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஊதினாள். நீ திரும்பி நடந்தாய். நீ படி இறங்கியிருக்க மாட்டாய், அதற்குள் கத்த ஆரம்பித்தாள். கேட்டிருக்கும் உனக்கு. சமையலறை ஆட்கள்வரை ஓடிவந்துவிட்டார்கள். ஜனவரியில் கத்த வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்துக் கத்தினாள்.

இப்போது தினமும் கத்தல்தான். கையை மடக்கினால் கத்தல், நீட்டினால் கத்தல், நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டாலே கத்தல். பொறுமைசாலி என்ற அதே நர்ஸ், "அடங்காப்பிடாரியால்ல இருக்கா," என்கிறாள். கை பாதிதான் மடங்குகிறது. நாள் கடந்துவிட்டது, முழுசாக வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்து ஒரு பக்கம் இழுத்தேதான் இருக்கும், வளர வளர அறுத்து அறுத்துச் சரிசெய்ய வேண்டுமாம். இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பள்ளிக்கு இனி அவள் வர மாட்டாள்.

முந்தாநாள் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கைப்பயிற்சி. வாலு வீல் வீலென்று அலறினாள். அந்தப் பெண்ணின் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யோசிக்கவேயில்லை அக்கா. என் வாயில் விரலை வைத்துவிட்டேன்.

சுவிட்சை அணைத்ததுபோல நின்றுவிட்டாள். கை நேராக நீண்டது. கண் சுவருக்குப் போய்விட்டது. அவளைத் திரும்ப அழவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலைப் பிடித்தேன், கன்னத்தைக் கிள்ளினேன், நானே கத்தினேன். சாயங்காலம்தான் அழுதாள்.

பெற்றவள் நான். உன் கடிதத்தை மனப்பாடமாகப் படித்தவள். என் விரலே எழுந்துவிட்டது. யாரோ ஓர் ஆள் திரும்பிப் பார்த்ததற்கு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை, அடித்துவிட்டேன். ஆனால் நேற்று அவள் கேட்டாள்: "பெரியம்மா வருவாங்களா? வெரல வப்பாங்களா?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். வைக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வா. அவள் கத்தும்போது நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். நீயும் அப்படித்தான் உட்கார வேண்டும்.

உன்னோடு பிறந்தவள்